பெயரில்லாத சிப்பாய்: க்ளோத் காஹூன்

நண்பர்களே, பிரெஞ்சு எழுத்தாளரும் புகைப்படக் கலைஞருமான க்ளோத் காஹூன் என்றதும் பலருக்கு ஒரு புகைப்படம்தான் ஞாபகம் வரும். கட்டம்போட்ட கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, பக்கத்திலேயே கண்ணாடி இருந்தும் அதைப் பார்க்காமல் நம்மை நேராகப் பார்க்கிற முகம். அருமையான படம், சந்தேகமே இல்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது வேறு ஒரு விஷயத்தை.

1894இல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்த லூசி ஷ்வாப்தான், ஆண் பெண் இருபாலரும் வைத்துக்கொள்ளும் க்ளோத் என்ற பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். எழுதினார், மேடையில் நடித்தார், பாரிஸில் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோனின் சர்ரியலிச வட்டத்தில், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கியவர்களோடு, பழகினார். பொம்மை, பளு தூக்குபவர், துறவி என்று கேமரா முன் ஒவ்வொரு வேடமாகப் போட்டார். கூடவே இருந்தவர் வாழ்க்கைத் துணையான ஓவியர் மார்செல் மூர்; இந்தப் படங்களில் பலவற்றை எடுத்தது அவராகத்தான் இருக்க வேண்டும்.

1937இல் இருவரும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஜெர்சி தீவுக்குக் குடிபோனார்கள். 1940இல் ஜெர்மன் படை தீவைப் பிடித்தது. காஹூன் தந்தை வழியில் யூதர், ஒளிந்து வாழ்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? போரில் சலித்துப்போன ஒரு ஜெர்மன் சிப்பாயைக் கற்பனையில் உண்டாக்கினார். பிபிசி செய்தியைக் கேட்டு, ஜெர்மன் தெரிந்த மூர் மொழிபெயர்க்க, அந்தச் சிப்பாயே எழுதுவதுபோல் மெல்லிய தாளில் டைப் அடித்து, கீழே ‘பெயரில்லாத சிப்பாய்’ என்று கையெழுத்து. அதைச் சிகரெட் பெட்டிக்குள் செருகுவார்கள், படைவீரர்களின் கோட்டுப் பையில் போடுவார்கள், கார்களில் வைத்துவிட்டு வருவார்கள். நடுத்தர வயதைத் தொட்ட இரண்டு பெண்களை யார் சந்தேகப்படுவார்கள்? நான்கு ஆண்டுகள் இது நடந்தது!

1944 ஜூலையில் பிடிபட்டார்கள், மரண தண்டனை விதித்தார்கள், அப்புறம் அது குறைக்கப்பட்டது. 1945 மே மாதம் தீவு விடுதலையானபோதுதான் வெளியே வந்தார்கள். வீட்டில் இருந்த படைப்புகளில் ஒரு பகுதியை ஜெர்மானியர்கள் அழித்துவிட்டார்கள். அந்த ஆண்டே எடுத்த ஒரு படத்தில், நாஜிச் சின்னம் ஒன்றைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு நிற்கிறார் காஹூன். 1954இல் இறந்தார். அதன்பிறகு உலகம் அவரை ஏறத்தாழ மறந்தேபோனது, 1980களுக்குப் பிறகுதான் ஆய்வாளர் பிரான்சுவா லெப்பர்லியேயின் ஆய்வுகள் அவரை மீட்டெடுத்தன.

வேடம் போடும் அதே கலையைத்தான் அந்தச் சிப்பாயிடமும் பார்க்கிறேன், இம்முறை கேமரா இல்லை, உயிர் பணயம். ஆகவே அந்தத் துண்டுச்சீட்டுகளைப் போர்க்கால ஆவணம் என்று ஓரமாக வைக்காமல், கண்காட்சிகளில் புகைப்படங்களுக்குப் பக்கத்திலேயே, அதே சுவரில் மாட்டுங்கள்.