உடைந்த போல்ட்டும் ஒரு முதுமாணிப் பட்டமும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்து வருடம் திரும்ப முன்னமே கறள் எட்டிப் பார்க்கும். பல்கனியில் கொங்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே தெரியும். காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்ல ஊறிக் கம்பியைத் தொட்டதும் கறள் பிடிக்கிறது. கறளுக்கு இரும்பை விடக் கூடிய இடம் வேண்டும்; அதுதான் உள்ளேயிருந்து கொங்கிரீட்டைப் பிளக்கிறது. பொருள் விஞ்ஞானம் என்ற படிப்பு இப்படியான கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறது.

அதில் முதுமாணிப் பட்டம் செய்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் அதற்குப் போன காரணத்தை முதலில் சொல்கிறேன்.

பட்டம் முடித்த கையோடு ஒரு தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் இறுக்கிய போல்ட்டுகளில் மூன்று, திங்கட்கிழமை காலையில் தலை துண்டாகித் தரையில் கிடந்தன. இயந்திரம் ஓடவே இல்லை. இறுக்கிய அண்ணாவின் மேல் பழி விழுந்தது. இருபது வருடம் அதே வேலையைச் செய்தவர். அவர் பிழை விடவில்லை என்று என் மனம் சொன்னது, ஆனால் நிரூபிக்க எனக்குப் படிப்புப் போதவில்லை. துண்டுகளை ஈரம் படாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

முதுமாணி மாணவனாக அவற்றில் ஒன்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். கற்கண்டை உடைத்தால் பட்டை பட்டையாகத் தெரியுமே, அப்படி உருக்கின் மணிகள், அதாவது அதை ஆக்கியிருக்கும் நுண்ணிய பளிங்குகள், தனித்தனியாகப் பிரிந்திருந்தன. போல்ட் கறள் பிடிக்காமலிருக்கப் பூசும் துத்தநாகப் பூச்சுக்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், மின்முலாம் பூசும்போதும் ஐதரசன் அணுக்கள் உருக்கினுள் புகுந்துவிடும். மிகக் கடினமாக்கிய உருக்கில், இழுவிசை கூடிய இடத்தை நோக்கி அவை நகர்ந்து சேரும். அதற்கு நேரம் எடுக்கும். அதனால்தான் இறுக்கும்போது உடையாத போல்ட் இரண்டு நாள் கழித்து உடைகிறது. பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் வைத்திருந்தால் ஆபத்துப் பெரிதும் குறைந்திருக்கும். அந்த அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

ஆகவே தம்பி தங்கைமாரே, எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று தேட முன்னர் உங்களுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி இருந்தால் ஆய்வுகூடத்தில் இரவு பத்து மணியும் பாரமில்லை.

இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு மட்டங்களில் வருகிறது. 9ஆம் மட்டம் பாடநெறி சார்ந்தது, 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). 10ஆம் மட்டத்தில் ஆய்வும் சேரும், 60 புள்ளிகள். பின்னர் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணமிருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள் என்பது என் அபிப்பிராயம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், கட்டுபெத்தையில், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பௌதிகவியல், இரசாயனம் படித்தவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். அனுமதி நிபந்தனையை நேரில் கேட்டறியுங்கள்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். பொகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளில் நாளம் நாளமாகக் கிடைக்கும் காரீயம், அதாவது பென்சில் கூரில் இருக்கும் கிராபைட், உலகிலேயே மிகத் தூய்மையான வகைகளில் ஒன்று. லிதியம் அயன் பற்றரியின் ஒரு முனை பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற்று போன்ற கனிமங்களிலிருந்துதான் பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள். மண்ணை மண்ணாகவே கப்பலேற்றுவது எனக்கு நெஞ்சைச் சுடுகிறது. பதப்படுத்தத் தெரிந்த கைகள் நமக்கு நிறைய வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வேலைத்தலத்தில் ஏதாவது முறிந்தால், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். முறிந்த முகங்கள் உரசினால் தடயம் அழிந்துவிடும். கை படாமல், உலர்ந்த டப்பாவில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். விரிவுரையாளரைப் பார்க்கப் போகும்போது சான்றிதழ்க் கோப்போடு அந்த டப்பாவையும் கொண்டுபோங்கள்.

வணக்கம்.