மாலை கழற்றிய மறுநாள்

[காட்சி: விடியற்காலைத் தேநீர்க் கடை. பால் கொதிக்கிறது. கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் வந்து நிற்கிறார்.]

கார்த்திகை மாதம். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சாமி, தேநீரா காபியா?" என்று கேட்கிறார். போன வாரம்வரை இதே மனிதரை அவர் அழைத்த பெயர் வேறு. கடன் பாக்கி வைத்தவர், இரவில் குடித்துவிட்டுக் கடை வாசலில் விழுந்து கிடந்தவர், இன்று கழுத்தில் துளசிமணி மாலையோடு நிற்கிறார். தனியாகக் கழுவி வைத்த டம்ளரில் தேநீர் வருகிறது. பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். சாயங்காலம் பழைய கூட்டாளி எதிரே வந்தாலும் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறார். தோளில் கைபோட்டு அழைப்பதில்லை.

இப்படியே 48 நாள். பிறகு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அதே கூட்டாளி அதே மூலையில் நிற்கிறார். "என்ன, விரதம் முடிந்ததா?"

"பார்த்தாயா, இவன் எங்கே திருந்தப் போகிறான்" என்று நாமும் சொல்லியிருப்போம். எனக்கு அந்தக் காட்சியில் வேறொன்று படுகிறது. அந்த 48 நாளும் அவரோடு சேர்ந்து ஊரும் விரதம் இருந்தது. அவர் மாலையைக் கழற்றியதும் ஊரும் தன் விரதத்தை முடித்துக்கொண்டது.

[காட்சி: கை நடுக்கத்தில் டம்ளரிலிருந்து சிந்தும் தண்ணீர்.]

மேலே போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் குடியை நிறுத்துவது எல்லோருக்கும் பாதுகாப்பானதல்ல. பல ஆண்டுகளாக விடிந்ததும் குடிக்கிற ஒருவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். சிலர் இரண்டு, மூன்று நாளில் ஆள் தெரியாமல் பிதற்றத் தொடங்குவார்கள். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் சாமி குற்றம் என்று பயந்து பூசாரியைத் தேடுவார்கள். அது குடியை நிறுத்தியதால் மூளை படும் பாடு, உயிரையே எடுக்கக்கூடியது. அந்த நிலையில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் மாத்திரையோடு நிறுத்துங்கள். மாலையையும் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

[காட்சி: வயல் வரப்பு. தூரத்தில் ஒரு கட்டடம். உள்ளே வரிசையாகப் பாய்கள்.]

குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் அவர் பெயரில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் சென்னையில் பலருக்குத் தெரியும். குடிப்பவரைத் தண்ணீர் தெளித்துவிட்ட ஆளாக மட்டுமே பார்த்த காலத்தில், அவரை நோயாளி என்று சொல்லி, குடும்பத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்த இடம் அது.

நகரத்தில் அது சரி. குடவாசல் பக்கத்து விவசாயத் தொழிலாளி என்ன செய்வார்? நடவு நேரத்தில் வாரக்கணக்கில் சென்னையில் படுத்துக் கிடந்தால் கூலி போய்விடும். பக்கத்து வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் புறப்படுவது? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்ற பேச்சு அவர் ஊர் திரும்புவதற்கு முன்பே திரும்பிவிடும். அதனால் மருத்துவமனையே ஊருக்குப் போனது. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடியில் 1989இல் முகாம் தொடங்கியது. அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் போதைநோய் குறித்த ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்.

செய்முறை எளிமையானது. உள்ளூர் அமைப்பு ஒன்று இடம் கொடுக்கிறது. மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அங்கேயே வந்து தங்குகிறார்கள். முதல் சில நாள் உடம்பைத் தேற்றுவதில் போகும். அதன் பிறகு குழுவாக உட்கார்ந்து பேச்சு. தன் ஊர்க்காரன் ஒருவன், "மகளுடைய கொலுசை அடகு வைத்துக் குடித்தேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவருக்குத் தன் வீட்டு வெள்ளித் தட்டு நினைவுக்கு வரும். எவ்வளவு படித்த ஆலோசகராலும் தர முடியாத மருந்து அது. மனைவிமாருக்குத் தனி அமர்வு உண்டு. அவர்களும் ஆண்டுக்கணக்காகத் தூங்காதவர்கள்தானே.

பதினைந்து நாளில் முகாம் முடிகிறது. நம் ஊர்களில் பதினாறாம் நாள் என்றால் நினைவுக்கு வருவது காரியம். இங்கே பதினாறாம் நாள் ஒருவர் உயிரோடு வீடு திரும்புகிறார். ஆனால் ஆபத்தும் அன்றுதான் தொடங்குகிறது. முகாமைச் சொந்த வட்டாரத்திலேயே நடத்துவதன் பலன் அப்போதுதான் தெரியும். கூடவே சிகிச்சை எடுத்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மாதந்தோறும் வரும் குழுவைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வராமல் போனால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது.

[காட்சி: மருந்துக் கடை. இரவு. பாதி இறக்கிய ஷட்டர்.]

இதெல்லாம் குடிக்குப் பொருந்தும், இன்றைய பையன்களின் போதைக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது நம் ஊர்களில் பிடிபடுவது கஞ்சா மட்டுமல்ல. கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதித் தர வேண்டிய டேப்பென்டடால் போன்ற மாத்திரைகளும் பிடிபடுகின்றன. அபின் குடும்பத்து மருந்து போலவே வேலை செய்கிறவை இவை. இவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு மாவும் பிசினும் சேர்ந்திருக்கும். அவை ரத்தத்தில் கரையாமல் நாளங்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை பெரிய துப்பறியும் வேலை அல்ல. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குளியலறையில் கிடக்கும் ஊசி மூடி. மாதம் ஒருமுறை காணாமல் போகும் செல்போன். ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்ததும் அடிக்கக் கை ஓங்காதீர்கள். அடி வாங்கியவன் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பான், அவ்வளவுதான் நடக்கும்.

மாத்திரைப் போதைக்கும் அந்தப் பதினாறாம் நாள் உண்டு, குடியைவிடக் கொடூரமாக. இந்த வகைப் போதையைச் சில வாரம் நிறுத்தியிருந்தவரின் உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். போதை மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவன், கூட்டாளி கொடுத்த பழைய அளவை ஒரே ஒரு முறை ஏற்றுகிறான், மூச்சு நின்றுபோகிறது. திருந்தி வந்த பையன் இப்படிச் செத்துப்போனானே என்று ஊர் ஆச்சரியப்படும். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிகிச்சை முடித்து அனுப்பும் நாளிலேயே குடும்பத்திடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

[காட்சி: காவல் நிலைய வாசல். உள்ளே போகத் தயங்கி நிற்கும் ஒரு தாய்.]

சிகிச்சைக்கே போகாததற்கு வெட்கம் ஒரு காரணம், போலீஸ் பயம் இன்னொன்று. அந்தத் தாய்க்காகச் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தால், அவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போய்விடலாம். விற்பவர்களுக்கு இது கிடையாது. போதை ஒழிப்புப் பேரணிகளில் தண்டனை எத்தனை ஆண்டு என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். இந்தப் பிரிவைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மையம் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். இரவில் நாலு பேர் வந்து கையைக் கட்டி வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகும் இடங்கள் இருக்கின்றன. கேட்டால் திருத்துகிறோம் என்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. சங்கிலியால் பிணைப்பதை அது எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது 28 பேர் தப்ப முடியாமல் கருகியது சங்கிலியால்தான். அனுமதிச் சான்று எங்கே, மருத்துவர் எப்போது வருவார், வாரம் ஒருமுறை பார்க்க விடுவீர்களா? இந்த மூன்றையும் வாசலிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் ஆட்டோவைத் திருப்புங்கள்.

[காட்சி: திரையில் ஒரே ஓர் எண். 38.]

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றதாக அது சொல்கிறது. மீதி 37 பேர் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே, 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக்தான். அதைக் கவனிக்கும் துறையின் பெயரோ மதுவிலக்கு என்றுதான் தொடங்குகிறது. இந்த நகைச்சுவையைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். கடையை மூடச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், தவறில்லை. அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: சிகிச்சை முடித்துத் திரும்புகிறவருக்கு அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் அந்த வாரமே இடம் கிடைக்குமா? கூலியை அவரே மனைவியின் கையில் கொடுத்தால் ஊர் அதைக் கேலிசெய்யாமல் இருக்குமா? வாரம் ஒரு மாலை பழைய குடிநோயாளிகள் கூடிப் பேச, பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

இளைஞர்களுக்கும் கதை அதுதான். மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை போக ஓர் இடம் வேண்டும். வலை கட்டிய கைப்பந்து மைதானத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்பதில்தான் பல ஊர்களில் பேச்சு நின்றுபோகிறது.

[காட்சி: திரையில் எண்கள்.]

குறித்துக்கொள்ளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். யார் விற்கிறார்கள் என்று தகவல் சொல்ல 10581. மகனுக்கு உதவி கேட்க முதல் எண், மாத்திரை விற்கிறவனைச் சொல்லிக்கொடுக்கக் கடைசி எண். பதற்றத்தில் மாற்றி அடித்துவிட வேண்டாம்.

[காட்சி: அதே தேநீர்க் கடை. தை மாதக் குளிர். அதே மனிதர், வெள்ளை வேட்டி, வெறும் கழுத்து.]

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்கிறார். "சாமி, தேநீரா காபியா?"

பெஞ்சில் ஒருவர் சிரிக்கிறார், மாலைதான் கழற்றியாகிவிட்டதே என்று. கடைக்காரர் பதில் சொல்லவில்லை. தனியாகக் கழுவி வைத்திருந்த அந்த டம்ளரை எடுக்கிறார்.