"குண்டு வெடிச்சதா செய்தி வருது, குடும்பத்தோட போகலாமா?" – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பினது. "ரெண்டு சின்னப் பிள்ளைங்க, அத்தை, மாமா எல்லாருமா வெளிநாடு போக டிக்கெட் போட்டாச்சு. இப்போ அந்த நாட்டுல குண்டு வெடிச்சதா செய்தி. வீட்ல பாதிப் பேர் வேண்டாம்ங்கறாங்க. எப்படி முடிவெடுக்கறது?"

முதல்ல மேப்பை எடுங்க. 'அந்த நாட்டுல'ன்னா எந்த ஊர்ல? உதாரணத்துக்கு தாய்லாந்தை எடுத்துக்குங்க: அதோட தெற்கு எல்லையில பட்டாணி, யாலா, நராத்திவாட்னு மூணு மாகாணம். 2004-லேர்ந்து அங்க வன்முறை ஓய்ஞ்ச பாடில்லை. ஆனா சுற்றுலாப் பயணிங்க போற புக்கெட், கிராபி எல்லாம் வேற மாகாணம். செய்தியில எல்லாமே 'தாய்லாந்து'தான்.

அடுத்து, அரசாங்கங்கள் போடற பயண அறிவுறுத்தல். அமெரிக்க வெளியுறவுத் துறை 4 நிலை வச்சிருக்கு: 1 வழக்கமான கவனம், 2 கூடுதல் கவனம், 3 போகணுமான்னு மறுபடி யோசிங்க, 4 போகாதீங்க. 2-ஐப் பார்த்தே அரண்டு போகவேண்டியதில்லை, பிரான்சும் ஜெர்மனியும்கூட பல வருஷமா அதுல இருந்திருக்கு. நம்பரை விட்டுட்டு, கீழ என்ன காரணம் போட்டிருக்காங்கன்னு படிங்க. திருட்டா, கடத்தலா, இல்லை ஆஸ்பத்திரி வசதி குறைவா? பெரியவங்களும் குழந்தைங்களும் வர்ற உங்களுக்கு கடைசியா சொன்னதுதான் பெரிய விஷயம். உங்க நாட்டு அரசு சொல்றதையும் கூட வச்சுப் பாருங்க.

இன்சூரன்ஸ்லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. "பயமா இருக்கு, கேன்சல் பண்றோம்"னா சாதாரண பாலிசியில பணம் வராது. செய்தி வந்ததுக்கு அப்புறம் பாலிசி எடுத்தா, அது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்னு அந்தச் சம்பவத்துக்கு மட்டும் கவர் இல்லைம்பாங்க. 'போகாதீங்க'ன்னு அரசு சொன்ன இடத்துக்குப் போனா, அங்க கால் உடைஞ்சாகூட கிளைம் மறுக்க வாய்ப்பிருக்கு. எந்தக் காரணத்துக்கும் ரத்து பண்ணலாம்ங்கற தனிச் சேர்க்கை இருக்கு, ஆனா முதல் பணம் கட்டின சில நாளுக்குள்ள எடுக்கணும், அதுலயும் ஒரு பகுதிதான் திரும்பி வரும்.

அதனால ஹோட்டலை இலவசமா ரத்து பண்றதுக்குக் கடைசி நாள் எதுன்னு பாருங்க. வீட்ல முடிவெடுக்கற நாள் அதுக்கு முந்தின நாள். அன்னிக்கு நாம போற ஊருக்கு அந்தப் பயண அறிவுறுத்தல்ல 3-ஓ 4-ஓ வந்திருந்தா போகலை, இல்லைன்னா போறோம்னு இப்பவே பேசி வச்சுக்குங்க. தினமும் டிவியைப் பார்த்து சண்டை போட்டா எந்த முடிவும் வராது.

போறதுன்னு முடிவாச்சுன்னா, நியாயமா பயப்படவேண்டியது ரோட்டுக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துல சாகறாங்க. 5-லேர்ந்து 29 வயசு வரைக்கும் முதல் காரணமே அதுதான். நடுராத்திரி விமானம் இறங்கி, தூக்கக் கலக்கத்துல, கிடைச்ச டாக்சியில குழந்தையை மடியில வச்சுட்டுப் போறோம் பாருங்க, அங்கதான் தப்பு. 50 கிலோமீட்டர் வேகத்துல வண்டி மோதி நின்னா, 10 கிலோ குழந்தை அந்தக் கணத்துல நூறு கிலோவுக்கு மேல இழுக்கும். எந்தக் கையும் பிடிச்சு நிறுத்தாது. உங்க பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டா இன்னும் மோசம், உங்க எடை முழுக்க அது மேல நசுக்கும். குழந்தை சீட் உள்ள வண்டியைக் கிளம்பறதுக்கு முன்னாடியே புக் பண்ணுங்க, இல்லைன்னா சீட்டைக் கையோட கொண்டு போங்க. பின் சீட்ல பெரியவங்களும் பெல்ட் போடணும்.

அடுத்தது தண்ணி. முங்கற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது, சத்தமில்லாம உள்ள போயிடும். அதனால 'எல்லாரும் பார்த்துக்கறோம்'னா யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். 15 நிமிஷத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்குங்க, அவர் கையில போன் கூடாது. கடல்ல இழுத்துட்டுப் போற நீரோட்டத்துல மாட்டினா கரையை நோக்கி மல்லுக்கட்டாதீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துட்டு, அப்புறம் திரும்புங்க.

ரூம் சாவி வாங்கினதும், பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி பால்கனிக்குப் போங்க. கதவு பூட்டுதான்னு பாருங்க, கம்பி இடைவெளியில குழந்தை தலை நுழையுமான்னு பாருங்க. நாற்காலி, டீப்பாய் எல்லாத்தையும் உள்ள தூக்கி வச்சுடுங்க, ஏறி நிக்கறதுக்குக் குழந்தைங்களுக்கு அது போதும்.