பத்தாம் பாகமும் வண்டு விழுந்த தானியமும்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். பிடித்த புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். சரி என்றார்கள்.

நான் ஏரிக்கு மேலே ஒரு விடுதியில் வேலை பார்ப்பவன். அறையைக் காலி செய்கிறவர்கள் குடையை விட்டுப் போவார்கள், சாக்ஸை விட்டுப் போவார்கள், செங்கல் தடிமனில் ஆங்கில நாவல்களையும் விட்டுப் போவார்கள். ராபர்ட் ஜோர்டன் எழுதிய ‘வீல் ஆஃப் டைம்’ என்கிற மாயாஜால நாவல் தொடரின் முதல் பாகம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. 1990-இல் வெளியான புத்தகம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். அப்புறம் விடவில்லை. ஒன்பது பாகம் ஓடிப்போனது.

ஒன்பதாம் பாகத்தின் முடிவில் கதாநாயகன் ராண்ட் ஒரு பெரிய காரியம் செய்கிறான். மந்திர சக்தியில் ஆண்கள் கையாளுகிற பாதியில் ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்திருந்த நஞ்சைக் கழுவித் தள்ளுகிறான். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். 2003 ஜனவரியில் பத்தாம் பாகம், ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ வந்தது. அக்கா மகன் சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தான்.

கதை முன்னால் போகவே இல்லை. பின்னால் போனது! அந்தப் பெரிய காரியம் நடந்த அதே நாளில் இவர் எங்கே இருந்தார், அவர் எங்கே இருந்தார் என்று தொடங்குகிறது. இரவில் நம் வாசலில் நின்றால் கீழே சமவெளியில் மின்னல் வெட்டுவது தெரியும், இடிச்சத்தம் கேட்காது. “பெரியகுளம் பக்கம் மழை போல” என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் சொல்வார். அந்த வாசல் பேச்சையே 600 பக்கத்துக்கு மேல் எழுதினால் எப்படி இருக்கும்? கதாநாயகனே பாதிப் புத்தகம் தாண்டித்தான் தலைகாட்டுகிறான். திட்டிக்கொண்டே படித்தேன். ஆனால் படித்தேன்.

அதில் பெரின் என்று ஒருவன். கொல்லுப்பட்டறையில் வேலை கற்ற பையன். அவன் மனைவியை எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தேடிப் போகிற படைக்குச் சோறு வேண்டுமே? தானியம் வாங்க ஓர் ஊருக்குப் போகிறான். ஊர் முழுக்க அழுக்கு, பேய் நடமாட்டம், கிடங்கைத் திறந்தால் தானியமெல்லாம் வண்டு. உட்கார்ந்து புடைக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புடைக்கிறார்கள். எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் நாலு நாள் வெயில் இல்லையென்றால், வசம்பு போட்டு வைத்த அரிசியிலும் வண்டு ஊரும். அம்மா முறத்தோடு உட்காருவார். அந்தச் சரக் சரக் சத்தம் நிற்கிறவரை வீட்டில் உலை ஏறாது. மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? இது முதல் தடவை எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் தடவைதான் உறைத்தது.

அப்புறம் அவன் பிடிபட்ட ஒருவனை விசாரிக்கும்போது, பதில் வாங்குவதற்காகக் கோடரியால் அவன் கையை வெட்டிவிடுகிறான். முதல் பாகத்திலேயே ஒரு பெரியவர் அவனுக்குச் சொல்லியிருந்தார்: இந்தக் கோடரியை நீ வெறுக்கிறவரை வைத்துக்கொள், வெறுப்பு போய்விட்டால் தூக்கி எறிந்துவிட்டு ஓடு. ஒன்பது பாகம் சுமந்த கோடரியை அன்றைக்கு ஒரு மரத்தில் எறிந்து பதித்துவிட்டு, அங்கேயே விட்டுப் போகிறான். ஜோர்டன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரிலிருந்து துப்பாக்கி இயக்கியவர். தெரியாமல் எழுதிய இடமாக எனக்குப் படவில்லை.

அதற்காகப் பத்தாம் பாகம் நல்ல புத்தகம் என்று சொல்லமாட்டேன். மகாபாரதத்திலும் பதினெட்டு பர்வங்களில் மிக நீளமானது, போர் முடிந்தபின் பீஷ்மர் உபதேசிக்கிற சாந்தி பர்வம்தான். கூத்தில் துரியோதனன் படுகளம் முடிந்ததும் நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தானே! ஆனால் அங்கே போர் முடிந்திருந்தது. இங்கே முடியவில்லை, அதுதான் என் கோபம்.

2005-இல் பதினோராம் பாகம் வந்தது. கதை மறுபடி ஓடியது. 2007 செப்டம்பரில் ஜோர்டன் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் என்பவர் மூன்று பாகங்களாக எழுதி 2013-இல் முடித்தார். ஜோர்டன் கையில் மிச்சமிருந்த காலத்தில், இத்தனை பக்கத்தைத் தானியம் புடைக்கவா செலவழித்தார் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள் அந்தக் கோடரிப் பக்கத்தை மட்டும் எடுத்துப் படிப்பேன்.

இப்போது என் மகள் படிக்கிறாள். பத்தாம் பாகத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இவங்க இன்னும் புடைச்சு முடிக்கலையாப்பா?”

“இல்லம்மா, இன்னும் கொஞ்சம் மூட்டை இருக்கு.”

வணக்கம்.