கூரைக்குள் இறங்கிய விண்மீன்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். முன்னோரின் தாவர அறிவையும் விண்மீன் அறிவையும் காப்பது பிறந்த மண்ணா, அருங்காட்சியகத்து ஒளித்திரையா என்ற வழக்கில் நான் ஒளித்திரையின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் அமர்வதற்கு முன் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "வானம் வெளியே இலவசமாக விரிந்து கிடக்கும்போது, குவிமாடத்துக்குள் மல்லாந்து படுத்துச் செயற்கை வானத்தைப் பார்ப்பானேன்?" அவை கைதட்டியது. அதற்கு விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

அவர் சுட்டிய குவிமாடம் 2017-ஆம் ஆண்டு கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் அமைக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், பாலைவனப் பழங்குடிகளான அனாங்கு மக்களின் நிலத்தில் வாலினிங்கா என்றொரு குகை இருக்கிறது. அதன் கூரையில் அவர்களுடைய முன்னோர் தீட்டிய ஓவியங்களும், பாலைவன இரவின் விண்மீன்களும் அந்த மாடத்தின் உட்புறமெங்கும் ஒளியாகப் பாய்ச்சப்பட்டன.

அந்த ஓவியங்கள் சொல்லும் கதையை நடுவர் அவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். ஏழு சகோதரிகள் பாலைவனத்தில் ஓடுகிறார்கள். வாட்டி நியிரு என்ற மாயக்காரன் துரத்துகிறான். அவன் நினைத்த உருவம் எடுக்க வல்லவன். பசியோடு வரும் பெண்களின் எதிரே, கனி குலுங்கும் கம்புரார்ப்பா என்னும் புதர்த் தக்காளியாக நிற்கிறான். செடிதானா, அவன்தானா? கண்டுகொண்டு விலகுகிறார்கள். வெயிலில் களைத்து வரும்போது, நிழல் விரித்த காட்டத்தி மரமாக நிற்கிறான். மரம்தானா, அவன்தானா? மறுபடியும் விலகுகிறார்கள். பிறகு கொழுத்த மலைப்பாம்பாகக் கிடக்கிறான். அந்த ஒருமுறை ஏமாந்த பிறகுதான் அது அவன் என்று தெரிகிறது. வாலினிங்காவில் ஒளிந்தபோது அவன் வாசலை மறித்து நிற்க, அவர்கள் பின்புறத் துளை வழியாகத் தப்பி ஓடுகிறார்கள். கடைசியில் வானேறி, நாம் கார்த்திகை என்றும் பழந்தமிழில் அறுமீன் என்றும் அழைக்கும் கூட்டமாகிறார்கள். அவனோ, நம் திருவாதிரை மீன் இருக்கும் ஓரியன் கூட்டத்தில் நின்று இன்றும் அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கிறான்.

செடியா, அவனா என்று அந்தப் பெண்கள் நின்று பார்த்தார்களே, அதுதான் ஐயா தாவர அறிவு! எதைத் தின்னலாம், எதன் முன் தயங்க வேண்டும், அடுத்த நீர்ச்சுனை எங்கே என்பதையெல்லாம் அம்மக்கள் நிலத்தின் வழியை இடம் இடமாகப் பாடிச் செல்லும் பாட்டுத்தடமாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி மறந்தால் ஒரு சுனை தொலைந்துபோகும்.

இப்போது தலைவரின் கேள்விக்கு வருகிறேன். வெளியே இலவசமாகக் கிடைப்பவை மினுங்கும் புள்ளிகள். அவற்றின் கதை ஒரு முதியவரின் வாயிலிருந்துதான் வர வேண்டும். தங்கள் பாட்டுத்தடம் துண்டு துண்டாகிறது, சேர்த்து வைக்க உதவுங்கள் என்று அருங்காட்சியகத்தை நாடியவர்கள் அனாங்கு முதியோரே. எதைக் காட்டலாம், எதைப் பொதுவில் காட்டலாகாது என்று தீர்மானித்தவர்களும் அந்நிலத்துப் பெரியவர்களே. அவர்கள் மண்ணைக் கைவிடவும் இல்லை. பாலைவனப் புல்லைச் சேகரித்துப் பின்னி, அந்தச் சகோதரிகளை உருவங்களாக நிறுத்தியவர்கள் அந்த மண்ணின் பெண்கள்தாம். பேரப்பிள்ளைகளுக்காக முதியோர் கேட்டு வாங்கிய கூரையைச் செயற்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கூரையின் கீழ் நானும் என் மகளும் அருகருகே படுத்திருந்தோம். விண்மீன்கள் எங்கள் முகத்துக்கு நேரே நகர்ந்தபோது அவள் என் காதோரம் கேட்டாள்: "அப்பா, நம்ம வீட்டுல இந்த நட்சத்திரத்துக்குப் பாட்டு இருக்கா?"

இருந்தது, நடுவர் அவர்களே. என் அப்பத்தா கார்த்திகை மாதத்து இரவுகளில் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் என்னைக் கிடத்திக்கொண்டு, வேப்பமரத்துக்கு மேலே அந்த ஆறு மீன்களைக் காட்டிப் பாடுவார். அதைப் பதிவு செய்ய எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய சுட்டுவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாட்டில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. என் மகள் விடைக்காகக் காத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தேன்.