காம்பு மாற்றுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். சொந்தக்காரர்களுக்கே கேடு செய்கிறவனைக் கோடாரிக் காம்பு என்று திட்டுகிறோம். காம்புக்காகப் பரிந்து பேச ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சுத்தியலோ மண்வெட்டியோ காம்பு ஆடிக்கொண்டு மூலையில் கிடக்கும். இரும்பு நன்றாகத்தான் இருக்கும். காம்பு ஆடினால் நாம் என்ன செய்வோம்? தண்ணீர் வாளியில் தலைகீழாகப் போட்டு வைப்போம். காலையில் எடுத்தால் இறுகியிருக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஊறிய மரம் உப்பும், ஆனால் சுற்றியிருக்கும் இரும்பு விரிந்து கொடுக்காது. உள்ளே மாட்டிய நார் நசுங்கும். காய்ந்ததும் காம்பு முன்பு இருந்ததைவிட மெலிந்துவிடும். மறுபடி ஆடும், மறுபடி வாளி. ஆணி அடித்து இறுக்குவது இன்னும் மோசம், மரம் பிளந்துவிடும்.

எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். பளபளவென்று இழைத்த தேக்குக் கட்டையைக் கொண்டுபோய் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது கதவுக்குப் போற மரம். கருவேலங்கட்டை இருந்தா கொண்டா." கொண்டுபோனால், அதன் நிறத்தையோ வழவழப்பையோ பார்க்கமாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்ப்பார். நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து விளிம்புக்கு வெளியே போனால், ஓங்கி அடிக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். முடிச்சு இருந்தால் அடுப்புக்கு. பச்சைக் கட்டை என்றால் தொடவேமாட்டார், நிழலில் காயட்டும் என்பார். மரம் காயும்போது நீளம் அப்படியே இருக்கும், பருமன்தான் குறையும். பச்சையாகக் கோத்த காம்பு ஆடாமல் என்ன செய்யும்?

சரி, கோப்பதற்கு வருவோம். சுத்தியலின் கண்ணுக்குள், அதாவது இரும்பில் உள்ள துளைக்குள், காம்பைச் செருகி, இரும்பின் மேல் அடித்து இறக்குவார்கள். அது வேண்டாம். காம்பைப் பிடித்துச் சுத்தியலைத் தலைகீழாகத் தொங்க விடுங்கள். இரும்பு கீழே, கை மேலே. இப்போது காம்பின் அடிமுனையில் மரக்கட்டையால் தட்டுங்கள். இரும்பு கீழே விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? விழாது, காம்பில் மேலேறும்! கனத்த இரும்பு நின்ற இடத்திலேயே நிற்க, காம்புதான் அதற்குள் இறங்குகிறது. பட்டறையில் இதைப் பார்க்கும் சிறுவர்கள் இன்னொரு முறை செய்யச் சொல்வார்கள், நானும் செய்வேன். அப்புறம், காம்பின் தலையில் கண்ணின் நீளவாக்கில் முன்பே ரம்பத்தால் கீறி வைத்திருப்பீர்கள். அதில் காய்ந்த கட்டையில் செதுக்கிய ஆப்பை அடித்தால் முடிந்தது.

பிக்காசுக்கு ஆப்பே வேண்டாம். காம்பின் மெலிந்த முனை வழியாக இரும்பைக் கோத்துத் தடித்த முனைக்கு இறக்கினால் போதும், ஓங்க ஓங்க இறுகும்.

அரிவாள் பிடி, பூண் பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எண்ணெய் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் உலராது, கை வழுக்கும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள். வணக்கம்.