கப்பலேறிய பூட்டனாரின் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எங்கள் பூட்டனார் மதராஸில் கப்பலேறியவர். அவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?"

பல சமயம் முடியும். ஆனால் ஆரம்பத்திலேயே தடம் மாறிப் போகிறவர்கள்தான் அதிகம். ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் என்று குடும்ப மரம் வரைய உதவும் ஏதாவது ஓர் இணையதளத்தில் பூட்டனாரின் பெயரைத் தட்டுவார்கள். "இவராக இருக்கலாம்" என்று அது காட்டும் ஆளையெல்லாம் சேர்த்துக்கொண்டே போவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழு தலைமுறை வந்துவிடும். அதில் பாதிப் பேர் அடுத்த வீட்டுக்காரர்களாக இருப்பார்கள்!

நம் பெயர்களின் சங்கதி அப்படி. அந்தக் கப்பல்களில் முனுசாமிகளுக்குக் குறைவில்லை. எழுதியவர் காதில் விழுந்தபடி அவர் மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். தாத்தாவின் சொந்தப் பெயரே பேரன்களுக்குக் குடும்பப் பெயராக நின்றுபோனதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. காலனி எண் என்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் பதிந்தாலும் அந்த எண் கூடவே வரும். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். எண் கிடைத்துவிட்டால், கணினியில் ஏற்றப்பட்ட கப்பல் பட்டியலில் ஆளைப் பிடித்துவிடலாம். சொந்தச் செலவில் போன வணிகர்களுக்கு இந்த எண் கிடையாது. அவர்களைத் தேடும் வழி வேறு.

சரி, ஜில்லா 'வட ஆற்காடு' என்று இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. 1911இல் சித்தூர் பக்கம் பிரிந்துபோயிற்று, 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆகவே கிராமம் ஆந்திரத்திலும் இருக்கலாம். ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தால் குலதெய்வம் கைகொடுக்கும். இன்ன அம்மனுக்குப் பொங்கல் வைப்போம் என்று டர்பன் பாட்டி சொன்னதை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பங்காளி யார் என்று அவர்களே சொல்வார்கள். முன்னே சொன்ன இணையதளங்களில் குலதெய்வத்துக்குக் கட்டம் கிடையாது, குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள்.

அப்புறம் டிஎன்ஏ பரிசோதனை. மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் உறவாக வருவார். தூரத்துச் சொந்தத்தைக்கூட அந்தப் பரிசோதனை நெருங்கிய சொந்தமாகக் காட்டிவிடும். அதை மட்டும் நம்பி யாரையும் மரத்தில் ஒட்டாதீர்கள்.

இன்னொன்று. ஃபேமிலிசர்ச்சில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம். இறந்தவர்களைப் பற்றிய பதிவை யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். பூட்டனாரைச் சேர்த்ததும் கப்பல் பட்டியலின் பக்கத்தை அவர் பெயரோடு இணைத்து, இவர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருகிறவர் அவரை வேறொரு முனுசாமியோடு சேர்த்துவிடுவார்.

வணக்கம்.